பிரசவ வார்டில் ஒரு கையெழுத்து: கருத்தடை அறுவையும் கத்தோலிக்க அறநெறியும்

மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களிடம் ‘ஆபரேஷன் ஆயிடுச்சா?’ என்று கேட்டால், எந்த ஆபரேஷன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. குடல்வாலுக்கும் கண்புரைக்கும் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் வெறும் ஆபரேஷன் என்றால் அது குடும்பக் கட்டுப்பாடுதான். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான். ஒரு சொல் இவ்வளவு சாதாரணமாகிவிட்ட இடத்தில் அதைப் பாவம் என்று சொல்கிற ஒரு மதம் என்ன பேசுகிறது, யாரிடம் பேசுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்கள் இந்த வெள்ளைப் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். கழுவெளிச் சதுப்புக்கும் கடலுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்த உப்பளம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இங்கே உப்பு வாருவது ஈராயிரம் ஆண்டுத் தொழில். தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை வேலை. வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்புக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பெண்கள். மழைக்காலத்தில் கூலி இல்லை. கத்தோலிக்கர் இந்தக் கடலோரத்தில் சிறுபான்மை. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து உட்பகுதி ஊர்களில்தான் அதிகம். எல்லாரும் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். வேலையிலும் கூலியிலும் பிரசவ வார்டிலும் அவர்களுக்கும் பக்கத்துத் தெரு இந்துப் பெண்ணுக்கும் வித்தியாசம் ஒன்றும் கிடையாது. வித்தியாசம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடும்போதுதான் தொடங்குகிறது.

கோயில் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வேறு கேள்விகள் ஒரே முடிச்சாகக் கட்டப்படுவதை நான் கவனித்திருக்கிறேன். அரசு ஒருவரை மலடாக்கலாமா? கணவனும் மனைவியும் தாங்களே விரும்பிச் செய்துகொள்ளலாமா? செய்துகொண்ட பிறகு அவர்கள் திருமணம் என்ன ஆகும்? திருச்சபை மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லவில்லை. ஒரே காலத்திலும் சொல்லவில்லை.

முதல் கேள்விதான் முதலில் வந்தது. 1930 ஆகஸ்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடி, சில சூழல்களில் கருத்தடையை ஏற்கலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று பதினோராம் பத்திநாதர் ‘காஸ்தி கொன்னூபி’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதில் கருத்தடைக்கு மறுப்பு இருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே மடலில் அரசாங்கத்தைப் பார்த்து ஒரு கண்டனம் இருந்தது பலருக்கு நினைவில்லை. அன்று மேலைநாடுகளில் ‘தரங்கெட்ட’ பரம்பரைகளை ஒழிப்பது விஞ்ஞானம் என்று பெயர் பெற்றிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் பக் எதிர் பெல் வழக்கில், புத்தி குறைந்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணைக் கட்டாயமாக மலடாக்குவது செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. குற்றம் எதுவும் செய்யாத குடிமக்களின் உறுப்புகள்மேல் ஆட்சியாளருக்கு நேரடி அதிகாரம் கிடையாது என்பது பத்திநாதரின் வாதம். அடுத்த பத்தியிலேயே தனிமனிதரிடமும் திரும்பினார்: உன் உறுப்புகளுக்கு நீயும் முதலாளி அல்ல, உடல் முழுவதின் நலனுக்காக அல்லாமல் அவற்றை அழிக்க உனக்கும் உரிமை இல்லை. அரசுக்குச் சொன்ன தடையும் ஆளுக்குச் சொன்ன தடையும் அடுத்தடுத்த பத்திகளில் இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மூன்றே ஆண்டில் ஜெர்மனி சோதித்துப் பார்த்தது. 1933 ஜூலை 14 அன்று ஹிட்லர் அரசு கட்டாய மலடாக்கல் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் நான்கு லட்சம் பேர் அதன் கத்திக்குப் பலியானார்கள். ஆறு நாள் கழித்து வத்திக்கான் அதே அரசோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. மடல் எழுதிய கை வேறு, ராஜதந்திரக் கை வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மன் ஆயர்கள் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதும் உண்மை.

நம் பக்கத்தில் அந்த வருடங்களில் நடந்த விவாதம் முற்றிலும் வேறு. பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தார். நாட்டின் ஏழ்மைக்காகவோ மக்கள்தொகைக்காகவோ அல்ல, பெண் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். காந்தி எதிர்த்தார், 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் புலனடக்கமே வழி என்று வாதாடினார். காந்தி பேசியதை ஒரு கத்தோலிக்கப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அப்படியே வைத்திருக்கலாம். இந்த இருவரில் யார் பக்கமும் நிற்காமல் மூன்றாவதாக வந்து ஜெயித்தது மக்கள்தொகைக் கணக்கு.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். 1956 முதல் சென்னை மாநிலம், அறுவை செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஆளுக்கு 30 ரூபாய். பிறகு ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் கூலி உண்டு. இந்தியாவுக்கே வழிகாட்டிய திட்டம் இது. 1971இல் எர்ணாகுளத்தில் ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய ஒரு மாத முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசெக்டமி நடந்தது. கத்தோலிக்கர் செறிந்த எர்ணாகுளத்திலேயே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கடிநிலையின்போது, 1976-77 ஓராண்டில் மட்டும் நாடெங்கும் சுமார் 82 லட்சம் அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆண்களின் கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. அதன்பின் கத்தி பெண் பக்கம் திரும்பியது, இன்றுவரை ஆண் பக்கம் திரும்பவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘நவீன வாசெக்டமி இருவார விழா’ பேனர் கட்டுகிறார்கள். பேனரைத்தான் கட்டுகிறார்கள்.

இனி இரண்டாம் கேள்வி. தம்பதி தாங்களே முடிவெடுத்தால்?

1940இல் ரோமைத் திருப்பேராயம், நேரடியாக மலடாக்குவது, நிரந்தரமானாலும் தற்காலிகமானாலும், இயற்கைச் சட்டத்துக்கு எதிரானது என்று பதில் சொன்னது. ‘நேரடியாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. கருப்பையில் புற்றுநோய் வந்து அதை எடுத்தால் அந்தப் பெண் மலடாவாள். அது மறைமுகம், குற்றமில்லை. நோயுற்ற உறுப்பைக் குணப்படுத்தும்போது கூடவே வரும் இழப்பு அது. ஆனால் இனிக் குழந்தை உண்டாகக் கூடாது என்பதற்காகவே கருக்குழாயைக் கட்டினால், அந்த நோக்கமே செயலை நேரடியானதாக்கி விடுகிறது. உடலின் முழுமைக்காக ஓர் உறுப்பைத் தியாகம் செய்யலாம் என்பது தாமஸ் அக்வினாஸ் காலத்து வாதம். அப்படியானால் பலவீனமான இதயம் உள்ள தாயின் உயிரைக் காக்கக் குழாயைக் கட்டக் கூடாதா? பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் சிறுநீரக மருத்துவர்களிடம் பேசியபோது இதை நேராக எடுத்துக்கொண்டு மறுத்தார். ஆபத்து குழாயிலிருந்து வரவில்லை, உடலுறவு கொள்வது என்ற சுதந்திரமான முடிவிலிருந்து வருகிறது. குழாய் ஆரோக்கியமாக இருக்கிறது, அதை ஏன் தண்டிக்கிறாய் என்பது அவர் தர்க்கம்.

தர்க்கம் என்ற அளவில் இதில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதல்ல. உப்பளத்துப் பெண்ணை அதற்குள் நிறுத்தினால்தான் இடிக்கிறது. ‘சுதந்திரமான முடிவு’ என்ற இடத்தில் இடிக்கிறது. ராத்திரி குடித்துவிட்டு வரும் புருஷனிடம் இன்று வேண்டாம் என்று சொல்ல முடிகிற பெண்ணுக்காக எழுதப்பட்ட வாதம் அது.

1968 ஜூலை 25 அன்று ஆறாம் பவுல் ‘ஹுமானே வீத்தே’ மடலில் இதையே மறுபடி உறுதிப்படுத்தினார். மண உறவில் இருவர் ஒன்றாவதும் உயிர் பிறக்கத் திறந்திருப்பதும் பிரிக்கக் கூடாத இரட்டைப் பொருள் என்பது அதன் மையம். ஆனால் அளவில்லாமல் பெற்றுத்தள்ளச் சொல்கிற மடல் என்று அதை நினைப்பது தவறு. தக்க காரணம் இருந்தால் அடுத்த குழந்தை வேண்டாம் என்று தம்பதி தீர்மானிக்கலாம் என்று அதுவே சொல்கிறது. வழி மட்டும் இயற்கையானதாக இருக்க வேண்டும். பின்னாளில், 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போல் பெற வேண்டியதில்லை என்றார். ஏழு சிசேரியனுக்குப் பிறகு எட்டாவதாகக் கருவுற்றிருந்த ஒரு பெண்ணைத் தான் கண்டித்ததையும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வழி என்ன என்பதில்தான் சிக்கல்.

சிசேரியன் என்றதும் நம் ஊர் நிலவரத்துக்கு வந்துவிட வேண்டும். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். இரண்டு சிசேரியன் ஆனவளிடம் ‘மூணாவது தாங்காதும்மா’ என்று டாக்டர் சொல்வது சாதாரணம். இதற்கு ரோமையின் பதில் நுட்பமானது. 1993இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் சொன்னது: பலமுறை கீறப்பட்ட கருப்பை இப்போதே, தன்னளவிலேயே உயிருக்கு ஆபத்தாக இருந்தால் அதை எடுக்கலாம், அடுத்த கர்ப்பம் வந்தால்தான் ஆபத்து என்றால் எடுக்கவோ குழாயைக் கட்டவோ கூடாது. 2019 ஜனவரியில் வெளியான இன்னொரு பதில் ஒரு படி தளர்ந்தது: இனி எந்தக் கருவும் உயிரோடு பிழைக்கும் பருவம்வரை அந்தக் கருப்பையில் தங்காது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னால், அதை எடுப்பது மலடாக்குவதே ஆகாது, பிள்ளை பெறும் வாய்ப்பே இல்லாத இடத்தில் அதைத் தடுப்பது எப்படி என்பது காரணம். சாதாரணக் கத்தோலிக்கப் பெண்ணின் காதுக்கு இந்தப் பதில் எட்டியிருக்கிறதா என்று கேட்டால், நான் கேட்ட பிரசங்கம் எதிலும் இல்லை.

உள்ளிருந்தே எதிர்ப்பு எழாமலில்லை. பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் என்ற இயேசு சபையாளர், கருத்தடை ஏன் தவறு என்று வெறும் பகுத்தறிவால் தனக்கு நிரூபிக்க முடியவில்லை என்று 1964இல் பகிரங்கமாக எழுதினார்; இந்தியாவின் வறுமையைக் கண்ணால் கண்டவர் அவர். 1963இல் ரோமையில் அமைத்த ஆணையத்தின் பெரும்பான்மை 1966இல் கருத்தடைமேல் இருந்த தடையைத் தளர்த்தலாம் என்றது. ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. பெல்ஜியம், கனடா ஆயர்கள் மனசாட்சிக்கு இடம் வைத்து அறிக்கை விட்டார்கள். இதெல்லாம் பலமுறை எழுதப்பட்டது. அதிகம் எழுதப்படாதது ஒன்று உண்டு. தளர்த்தலாம் என்று சொன்ன அந்தப் பெரும்பான்மை அறிக்கையே, மலடாக்கும் அறுவையை மட்டும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றது. காரணம், அது திரும்பப் பெற முடியாதது. மாத்திரைக்குச் சரி என்றவர்களும் கத்தி முன்னால் தயங்கினார்கள். தமிழ்நாட்டில் தலைகீழ். மாத்திரையும் காப்பர் டீயும் இங்கே கொஞ்சம் பேருக்குத்தான். கத்திதான் முதலும் முடிவும்.

இன்றைய இறையியலாளர்களில் சிலர் வாதத்தை வேறு முனையிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் திருமணத்தை அன்பின் உறவாகப் பேசியது. பிள்ளைப்பேறு முதல் நோக்கம், மற்றவை அதற்குக் கீழே என்ற பழைய படிவரிசையை மறுபடி சொல்லவில்லை. அப்படியானால் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடை போடாமல், திருமணம் முழுவதையும் ஓர் உடலாகப் பார்த்து அதன் நலனுக்கு ஓர் உறுப்பைத் தியாகம் செய்யலாமே என்பது அவர்கள் கேள்வி. பேராயம் 1975 மார்ச்சில் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய பதிலில் இந்த வாதத்தை மறுத்தது. கத்தோலிக்க மருத்துவமனைகள் இந்த அறுவைக்கு ஒத்துழைக்கவும் கூடாது என்றது. போதனை அங்கேயே நிற்கிறது. உலகத்தின் கத்தோலிக்க நாடுகள் அங்கே நிற்கவில்லை. கத்தோலிக்கர் பெரும்பான்மையான போர்த்தோ ரிக்கோவில் 1960களின் நடுவிலேயே தாய்மாரில் மூன்றில் ஒருவர் அறுவை செய்துகொண்டிருந்தார். பெருவில் 1990களின் பிற்பாதியில் ஃபுஜிமோரி அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பெரும்பாலும் ஏழைப் பழங்குடியினருக்கு, அறுவை செய்தது. அங்கே திருச்சபை உரக்க எதிர்த்தது.

மூன்றாம் கேள்விக்குத்தான் ஊரில் தப்பான பதில்கள் அதிகம் உலவுகின்றன. ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டவனுக்குக் கோயில்ல ரெண்டாம் கல்யாணம் நடக்காது’ என்று நம்புகிறவர்கள் உண்டு. நடக்கும். 1983 திருச்சபைச் சட்டத்தின் 1084ஆம் எண், உடலுறவுக்கே முடியாமை திருமணத்தைச் செல்லாததாக்கும் என்கிறது. மலட்டுத்தன்மையோ திருமணத்தைத் தடுக்காது, செல்லாததாக்காது என்று அதே எண்ணில் தனியாக எழுதியிருக்கிறது. இந்தத் தெளிவுக்குப் பின்னால் நானூறு வருட வரலாறு இருக்கிறது. 1587இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ், விதையெடுக்கப்பட்ட ஆண்களுக்குத் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். ‘உண்மையான விந்து’ வேண்டும் என்ற அந்த வாதம் வாசெக்டமி காலத்தில் மறுபடி தலைதூக்கியது. 1977 மே 13 அன்று பேராயம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: விரைகளிலிருந்து வரும் விந்து தேவையில்லை. ஆகவே எர்ணாகுளம் முகாமிலோ திண்டிவனம் ஆஸ்பத்திரியிலோ வாசெக்டமி செய்துகொண்ட ஒருவர், மனைவி இறந்தபின் ஓலை வாசித்து மறுமணம் செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, அதைப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. மறைத்துச் சம்மதம் வாங்கினால் 1098ஆம் எண் குறுக்கே வரும், ஏமாற்று என்ற பெயரில். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையே வேண்டாம் என்று மனதில் உறுதி செய்துகொண்டு கைப்பிடித்தால் அது வேறு வழக்கு. அங்கே சம்மதமே குறைபட்டது.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு அறுவையைவிடக் குழந்தையில்லாத வீடுகள்தான் நினைவுக்கு வரும். பிள்ளையில்லை என்று மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது கட்டுவதும், வளைகாப்பு வீட்டில் அவளை ஓரமாக உட்கார வைப்பதும் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் நடக்கும். சட்டம் சொல்வது நேரெதிர். பிள்ளை இல்லாவிட்டாலும் அது முழுமையான மெய்விவாகம்தான், குறைபட்டது அல்ல. அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிள்ளை, பிரமாணிக்கம், பிரிக்க முடியாத பந்தம் என்று திருமணத்தின் மூன்று நன்மைகளைச் சொன்னார். முதலாவது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் நிற்கும் என்றார். இதைத் திருமண முன்தயாரிப்பு வகுப்பில் மாமியார்களையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

இனி பிரசவ வார்டுக்கே போய்விடலாம். ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வயது 23. ஆறு மாதம் உப்பு சுமந்த உடம்பு, இரண்டாவது பிரசவம், சிசேரியன். ‘ரெண்டு ஆயிடுச்சேம்மா, இதோட முடிச்சிடலாமா?’ என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியே. மாமியார் சரி என்று தலையாட்டுகிறார். வயிறு எப்படியும் திறக்கத்தான் போகிறது. ஒரு தாள் வருகிறது, ஒரு கையெழுத்து. 1970களில் பிரசவத்தோடு சேர்த்தே அறுவை செய்யும் திட்டம் மருத்துவமனைகளுக்கு வந்தபின் தமிழ்நாட்டில் வழக்கமாகிப்போன காட்சி இது. இந்தியப் பெண் அறுவை செய்துகொள்ளும் சராசரி வயதே 25, 26தான்.

இது பாவமா? செயலின் தன்மையை மட்டும் பார்த்தால் போதனை ஆம் என்கிறது. ஆனால் சாவான பாவத்துக்குப் பழைய ஞானோபதேசமே மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். முதலாவது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வலியிலும் மயக்கத்திலும் மற்றவர் தலையாட்டலிலும் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எந்த நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளாது. பாவசங்கீர்த்தனம் மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? துணைவர் செய்யும் தவறைத் தடுக்க முடியாமல் பொறுத்துக்கொள்கிறவர் அந்தப் பாவத்துக்குப் பங்காளி அல்ல என்று ‘காஸ்தி கொன்னூபி’யே சொல்லியிருக்கிறது. 2016இல் வெளியான ‘அமோரிஸ் லெத்தீசியா’ சூழ்நிலையால் பொறுப்பு குறையும் என்பதை விரிவாகப் பேசுகிறது. ஒப்புரவுக்கு வந்தவள் மறுபடி குழாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் கிடையாது. பொதுவாக இறையியலாளர்கள் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, மனவருத்தம் போதும் என்கிறார்கள். இருந்தும் ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டோம்’ என்று நன்மை (நற்கருணை) வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு. அவர்களுடைய கணவர்களை அந்த வரிசையில் பார்த்ததில்லை.

சம்மதத்தைக் காசு எப்படி வளைக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1992இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் நல்ல திட்டம்; பெண் சிசுக்கொலைக்கு எதிராக வந்தது. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் தலைக்கு 25,000 வைப்புத்தொகை. ஆனால் பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் கருத்தடை அறுவை செய்துகொண்ட சான்றிதழ் வேண்டும். மழைக்காலத்தில் கூலியில்லாத வீட்டுக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. ஆட்சியாளருக்கு உறுப்புகள்மேல் நேரடி அதிகாரம் இல்லை என்றார் பத்திநாதர். நேரடி அதிகாரம் இங்கே யாரும் எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் சேர்த்தார்கள். காஸ்தி கொன்னூபியின் இரண்டு பத்திகளும் அந்தக் கட்டத்தில் வந்து ஒன்றாகிவிடுகின்றன. இது அரசு செய்வதா, அவள் செய்வதா? 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்து முகாமில் ஒரே நாளில் ஒரே டாக்டர் 83 பெண்களுக்கு அறுவை செய்து, பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள். இரண்டாண்டு கழித்து தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. விவரமறிந்த சம்மதம் வேண்டும் என்றது. நீதிமன்றம் கேட்டதும் பழைய ஞானோபதேசம் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வருந்துவதில்லை. மாதா மாதம் நெஞ்சடைக்கக் காத்திருந்த பயம் அறுவையோடு போனது என்பார்கள். அதை விடுதலை என்று பெரியார் சொன்ன அர்த்தத்திலேயே சொல்வார்கள். திருச்சபை வைக்கும் மாற்று இயற்கைமுறை. அது வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். அன்னை தெரசா 1979 நோபல் உரையில், கல்கத்தாவில் ஆறாண்டில் தம் சகோதரிகள் ஏழைக் குடும்பங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து அறுபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் குறைந்ததாகக் கணக்குச் சொன்னார். ஆனால் அதற்கு நாள் கணக்கு வைக்கிற மனைவி போதாது. அந்தக் கணக்கை மதிக்கிற கணவன் வேண்டும். கற்பிக்க ஆள் வேண்டும், மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து பேச வேண்டும். அரசு இந்தப் பெண்ணைத் தேடி வீடுவீடாக நர்சம்மாவை அனுப்பியது. பங்கிலிருந்து யாரை அனுப்பினோம்? தடையைச் சொல்லவாவது மேடை ஏறினோம். வழியைச் சொல்ல வாசல்படி ஏறவில்லை.

இந்தக் கடற்கரை முழுவதற்கும் அறுவையின் நிரந்தரம் என்றால் என்னவென்று காட்டிய நாள் 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் செத்தார்கள். ஓட முடியாத குழந்தைகள் அதில் ஏராளம். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற சுவர் விளம்பரத்தை நம்பி இரண்டோடு நிறுத்திக்கொண்ட தாய்மார்கள், நாகப்பட்டினத்திலிருந்து குமரிவரை, ஒரே காலையில் இரண்டையும் கடலுக்குக் கொடுத்தார்கள். அப்போதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது, கட்டியதை அவிழ்க்க முடியுமா என்று யாரும் அவர்களிடம் பேசியதே இல்லை என்று. சில வாரங்களில் தமிழ்நாடு அரசு, பிள்ளைகளை இழந்தவர்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை இலவசமாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் 25,000 ரூபாய் வரை கொடுப்பதாகவும் சொன்னது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. எல்லாருக்கும் பலிக்கவில்லை. வெட்டிய நீளம், வயது, எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையெல்லாம் பொறுத்தது அது. அறுவை செய்யத் தூண்டியவர்களே அதை அவிழ்க்கவும் பணம் கொடுத்த வேறொரு தருணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. 1966இல் ரோமையில் பெரும்பான்மையினர் தயங்கிய காரணம், பத்திநாதர்களும் பவுலும் எழுதிய தத்துவத்தைவிட எளிமையாக, மீனவப் பெண்களின் வாயிலிருந்து அன்று வந்தது.

இப்போது காற்று மாறிவிட்டது. 2019-21 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். மாநிலத்தின் மக்களவைத் தொகுதிகள் குறையும் என்ற அச்சம் எழுந்ததும், 2025 மார்ச்சில் முதல்வர் மு.க. ஸ்டாலின் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மேடையில் புதுமணத் தம்பதிகளிடம் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திராவில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இருந்த இரு குழந்தை விதியை 2024இல் நீக்கினார்கள். கேரளத்தில் பாலா மறைமாவட்டம் 2021இல், ஐந்து பிள்ளையோ அதற்கு மேலோ பெற்ற இளம் குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் அறிவித்தது. முதலில் நிறுத்தச் சொன்னவர்களும் இப்போது பெறச் சொல்கிறவர்களும், சாமியார்கள் உட்பட, எண்ணிக்கையைத்தான் பேசுகிறார்கள். மரக்காணத்தில் உப்பு சுமக்கும் 23 வயதுப் பெண்ணுக்கு நீட்டப்படும் தாள் மாறவில்லை. அதில் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு, கணவனுக்கு அறுவை செய்யலாமா என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை.